எஜமான் செத்த மறுநாள்

கற்பனை உலகத்தைக் கட்டியெழுப்பும் கதைகள் என்றால் எனக்கு உயிர். வரைபடம், வம்சாவளி, அந்த ஊர் நாணயம் வரை ஒன்று விடாமல் படிப்பேன். ஆனால் அந்த உலகத்தில் அடிமைகள் இருந்து, அவர்களுடைய எஜமான் செத்துப்போனால், அடுத்த அத்தியாயத்தைச் சந்தேகத்தோடுதான் புரட்டுவேன். கொடுமைக்காரன் செத்தால் விலங்குகள் தாமாகவே கழன்றுவிடும். நல்லவன் செத்தால் தலைமாட்டில் நின்று எல்லோரும் அழுவார்கள். அவனும் போகிற போக்கில் விடுதலை கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவான். அண்மையில் நண்பர் ஒருவர் தாமே எழுதிப் படிக்கக் கொடுத்த நாவலில் அதுகூட இல்லை. நிலமும் குதிரைகளும் மூத்த மகனுக்குப் போகின்றன. முப்பது அடிமைகள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. கேட்டால், "கதைக்கு அது தேவையில்லையே" என்கிறார்.

எனக்கென்னவோ கதையே அங்கேதான் இருக்கிறது.

சொத்துக்காரன் செத்தால் சொத்து சாகாது, கைமாறும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் எஜமான் இறந்ததும் மதிப்பீட்டாளர்கள் வந்து பட்டியல் எழுதினார்கள். பாத்திரம், கட்டில், கால்நடை என்று போகும் அதே தாளில் மனிதர்களின் பெயர்களும் எதிரே விலையும். உழைத்து ஓய்ந்த கிழவிக்கு நேரே பூஜ்யம் போட்ட பட்டியல்கள் உண்டு. அந்த நேரத்தில் சமையலறையில் ஒருத்தி அழுதால், தன் பிள்ளை எந்த வாரிசின் பங்கில் விழுமோ என்றுதான் அழுதிருப்பாள்.

உயிலில் விடுதலை எழுதிவைத்தாலும் அவ்வளவு எளிதில் தீராது. அமெரிக்க அதிபராக இருந்த ஜெஃபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் ஐந்து பேருக்குத்தான் விடுதலை. அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசஃப் ஃபாசெட். அவருக்கும் ஓராண்டு கழித்துத்தான். அந்த ஓராண்டு முடிவதற்குள், 1827 ஜனவரியில், அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கடனுக்காக ஏலத்தில் விற்றுவிட்டார்கள். தனக்கு விடுதலை நாள் குறித்தாகிவிட்டது, மனைவி ஏல மேடையில் நிற்கிறாள். இதைவிட ஒரு காட்சியை எந்தக் கற்பனை உலகம் தந்துவிடும்?

அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டனின் உயில் வேறு விதமான வில்லங்கம். தனக்குச் சொந்தமான 123 பேரில் ஒருவருக்கு மட்டும் உடனே விடுதலை, மற்றவர்களுக்குத் தன் மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று எழுதினார். அதாவது, அந்த அம்மாள் செத்தால்தான் அவர்களுக்கு வாழ்வு. சுற்றிலும் நடமாடுகிற அத்தனை பேரும் தன் சாவை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் எப்படித் தூங்குவது? தம் உயிருக்கு ஆபத்து என்று அவர் அஞ்சியதாக அப்போதே பேச்சு இருந்தது. 1801 ஜனவரி 1 அன்று அவர்களை விடுவித்துவிட்டார். அவருடைய முதல் கணவர் வழி வந்த அடிமைகளுக்கு அந்த விடுதலை இல்லை. 1802இல் அவர் இறந்ததும் அவர்களைப் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரு பிரிவிலும் கலந்து மணம் முடித்திருந்த குடும்பங்கள் பிய்ந்தன.

ரோமானியர்கள் இதற்குக் கணக்கே வைத்திருந்தார்கள். கி.மு. 2இல் வந்த சட்டப்படி, பத்துக்கு மேல் முப்பது வரை அடிமைகள் இருந்தால் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்கினரைத்தான் விடுவிக்கலாம். எத்தனை பேர் இருந்தாலும் நூறைத் தாண்டக் கூடாது. பெயர் குறிப்பிட்டே எழுத வேண்டும், வரம்புக்குமேல் எழுதினால் முதலில் வருகிற பெயர்களுக்கே விடுதலை. அப்படியானால் முதல் பெயர் எது என்றே தெரியாதபடி பெயர்களை வட்டமாக எழுதிவிட்டால்? அதற்கும் சட்ட அறிஞர் கையஸ் பதில் வைத்திருக்கிறார்: வரிசை தெரியாததால் ஒருவருக்கும் விடுதலை கிடையாது. நண்பரின் முப்பது பேரில் பத்துப் பேர் தப்பலாம். பதினோராவது பெயரை எழுதும்போது அந்த எஜமானின் கை எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாச் சமூகமும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. இஸ்லாமியச் சட்ட மரபில் எஜமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண் அவன் இறந்ததும் விடுதலையாவாள். அப்படி ஒரு விதி இருந்தால் அந்த வீட்டு வாரிசுகள் அவளை என்ன கண்ணோடு பார்ப்பார்கள்? கற்பனை உலகம் படைப்பவருக்கு இப்படி ஒரு விதியே போதும், நாவல் தானாக நடக்கும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். சற்றே முகம் சுளித்தார். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த எஜமான் சூதாடிப் பெருங்கடன் பட்டதாக எழுதியிருப்பவர் அவரேதான். கடைசிப் பக்கம் வரை அந்தக் கடனைக் கொடுத்தவன் வாசலுக்கு வரவில்லை.