வரைந்தவர்கள் ஒரு ராத்திரி அங்கே போய் நிற்க வேண்டும்

போன வாரம் ஒரு இளம் ஆர்க்கிடெக்ட் போன் செய்திருந்தார். படிப்பை முடித்து மருத்துவமனைகள் மட்டுமே செய்யும் ஒரு ஆபீஸில் சேர்ந்து, இப்போது இரண்டாவது ஆபீஸில் இருக்கிறார், மொத்தம் மூன்று வருட அனுபவம். "அக்கா, இந்த ஃபீல்டுலயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன், அடுத்து எந்த கோர்ஸ் படிக்கட்டும்?" என்று கேட்டார். நான் பதிலுக்கு, நீ வரைந்த வார்டில் இதுவரை எத்தனை தடவை போய் நின்றிருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஒரு தடவையும் இல்லக்கா. அது திறக்கறதுக்குள்ள நான் அங்கிருந்து வந்துட்டேன்" என்றார்.

இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனை என்பது முதல் மீட்டிங்கிலிருந்து முதல் நோயாளி வரை ஐந்தாறு வருடம் சாதாரணமாக இழுக்கும் வேலை. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டோடும் தனித்தனியாக உட்கார வேண்டும், தீயணைப்பு அனுமதி, எந்த ஸ்கேன் மெஷின் வாங்குகிறார்கள் என்று கடைசி நேரத்தில் மாறும் முடிவு, அதற்காகத் திரும்ப வரையும் தரைத்தளம், இத்தனையும் முடிந்து கட்டி முடிப்பதற்குள் ஆரம்பத்தில் கதவு அட்டவணையும் கழிவறை டீட்டெயிலும் வரைந்த பிள்ளைகள் இரண்டு ஆபீஸ் மாறியிருப்பார்கள். ரிப்பன் வெட்டும் நாளில் அங்கே நிற்பவர் அதை வரைந்தவர் இல்லை. வரைந்தவருக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று கடைசி வரை தெரியாது. அடுத்த மருத்துவமனையிலும் அதே பிழையை அதே நம்பிக்கையோடு வரைவார்.

இதைத்தான் நான் இந்தத் துறையின் பெரிய ஓட்டையாகப் பார்க்கிறேன். நாம் யாருக்காக வரைகிறோமோ அந்த டாக்டர்களிடம் இந்த ஓட்டை இல்லை, குறைந்தபட்சம் அதை அடைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளி இறந்தாலோ சிக்கலானாலோ எல்லோரும் ஒரு அறையில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வேர் போட்டவர்களில் ஒருவர் பாஸ்டனில் இருந்த எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர். ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டால் போதாது, ஒவ்வொரு நோயாளியையும் அப்புறமும் தொடர்ந்து பார்த்து, பலன் கிடைத்ததா, கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று அட்டையில் எழுதி வைக்க வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே சொன்னவர். கூட வேலை செய்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் 1911இல் அவரே ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கி, தன்னுடைய பிழைகளையும் சேர்த்து அச்சிட்டு வெளியிட்டார். நம் ஆபீஸ்களில் அப்படி ஒரு அட்டை எங்கே இருக்கிறது? போட்டோ எடுக்கிறோம், அதுவும் நோயாளிகள் வருவதற்கு முன்னால், தரை பளபளவென்று இருக்கும்போது.

என் அட்டையை நானே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு முப்பது படுக்கை வார்டு என் கைக்கு வந்தது. டர்ட்டி யூட்டிலிட்டி, அதாவது பெட்பேன் கழுவி அழுக்குத் துணி போடும் அறை, அதை லிஃப்ட் பக்கம் ஒரு கடைசியில் வைத்தேன். பைப் போக ஷாஃப்ட் அங்கேதான் இருந்தது. வார்டுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி, ஒன்று இருந்தது, பரப்பளவும் சரியாக இருந்தது. சீனியர் டிக் போட்டார். நான் அதை மறந்தேபோனேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, தெரிந்தவர் ஒருவர் அங்கே அட்மிட் ஆகியிருந்தார், ராத்திரி துணைக்கு நான் இருந்தேன். இரண்டு மணி இருக்கும். ஒரு நர்ஸ் துணி போட்டு மூடிய பெட்பேனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வராண்டா முழுக்க நடந்து போகிறார். கதவுக்கு முன்னால் நின்று, கை ஒழியாததால் திரும்பி முதுகால் தள்ளுகிறார், டோர் குளோசர் கனமாக இருப்பதால் இரண்டாவது தடவைதான் திறக்கிறது. நான் எண்ணினேன், போக ஐம்பத்திரண்டு காலடி. அந்த நேரத்தில் இந்தக் கோடியில் ஒரு பெல் அடித்து, ஓய்ந்து, திரும்ப அடித்தது. அவர் வந்ததும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "நைட்ல ரெண்டு பேர்தாம்மா இருப்போம். ஒருத்தி மருந்து குடுக்கப் போய், நான் இதுக்குப் போனா, இந்தப் பக்கம் யாராவது விழுந்தாகூடக் காதுல விழாது. இத யாரு இங்க கொண்டு வெச்சாங்களோ."

நான்தான் வைத்தேன் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபப்படுவதற்குப் பதிலாக என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான்கு படுக்கை அறையில் ஒரு சுவிட்ச் மேல் மருத்துவ பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, நன்றாக மக்கிப்போன பிளாஸ்டர், ஓரமெல்லாம் கறுத்து. அதைப் போட்டால் நான்கு படுக்கைக்கும் சேர்த்து விளக்கு எரிந்துவிடும், ஒருவருக்கு ஊசி போட மூன்று பேர் விழித்துக்கொள்வார்கள், அதனால் புதிதாக டியூட்டிக்கு வருபவர்கள் தவறிப்போய்த் தொடாமல் இருக்க ஒட்டியிருக்கிறார்கள். ஊசி போட அவர் டார்ச் வைத்திருந்தார். அப்புறம் கழிவறை வாசலில் ஒரு சின்ன மேடு, விரல் தடிமன்கூட இல்லை, டிரிப் ஸ்டாண்டின் சக்கரம் அதில் இடித்து நிற்கும். நோயாளிகள் விழுகிற இடங்களில் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவிலான அந்தச் சில அடிகள் முக்கியமானவை என்பதைப் படித்திருந்தேன். வாட்டர்புரூஃபிங் ஆட்கள் கேட்டார்கள் என்று அந்த மேட்டையும் நானே வரைந்திருந்தேன்.

இதில் ஒன்றுகூட விதியை மீறியதில்லை. இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். நம்பர்களைக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, மனப்பாடமாகவே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நம்பர் எங்கே உடைகிறது என்பதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும். காற்றில் பரவும் நோய்க்கான தனிமை அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 12 ஏர் சேஞ்ச், அதாவது அறையின் காற்று 12 தடவை மாற வேண்டும், அந்தக் காற்று வராண்டாவுக்கு வராமல் இருக்க வெளியே இருப்பதைவிட உள்ளே 2.5 பாஸ்கல் குறைந்த அழுத்தம், இதைப் பலரும் பின்பற்றுகிறோம், ஏசி கன்சல்டன்ட் கணக்குப் போட்டுத் தந்துவிடுவார். ஆனால் நர்ஸ் உட்காரும் இடத்திலிருந்து அந்த நோயாளியின் முகம் தெரியவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? கதவைத் திறந்து வைப்பார். நோயாளி மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது அவர் வேலை, அவர் செய்வது சரிதான். கதவு திறந்த உடனே அந்த 2.5 பாஸ்கல் போய்விட்டது. உள்ளே பார்ப்பதற்கான கண்ணாடி ஜன்னலை எங்கே வைத்தோம், எந்த உயரத்தில் வைத்தோம் என்பதில்தான் அந்த நம்பர் நிற்கிறது. இது ஏசி டிராயிங்கில் வராது, நம் டிராயிங்கில் வர வேண்டியது.

ரோஜர் உல்ரிக்கின் 1984ஆம் வருட ஆய்வை நம் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972இலிருந்து 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவுகளை எடுத்து, ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரிந்த 23 பேரையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது, வீரியமான வலி மருந்தும் அவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டது. எல்லோரும் இதைச் சொல்லிவிட்டு, எனவே தோட்டம் வையுங்கள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு. உல்ரிக் ஆர்க்கிடெக்ட் இல்லை, அவர் படித்தது புவியியல். பத்து வருடப் பதிவுகள் அங்கே ரெக்கார்டு ரூமில் கிடந்தன, கட்டடம் கண்ணெதிரே நின்றது, போய்ப் பார்த்தது நம்மில் ஒருவர் இல்லை. நாம் போகவில்லை.

நம் ஆட்கள் போன கதையும் உண்டு, அதுவும் இளவயதிலேயே. பின்லாந்தில் பைமியோ காசநோய் சானடோரியத்துக்கான போட்டியில் ஆர்க்கிடெக்ட் ஆல்வார் ஆல்டோ ஜெயித்தது 1929இல், முப்பதை ஒட்டிய வயதில். 1933இல் அது திறந்தது. நின்றுகொண்டு பார்க்கிறவனுக்கு இல்லாமல் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கிறவருக்காக யோசித்த அறைகள் அவை. படுத்திருப்பவர் பார்ப்பது மேற்கூரையைத்தானே, அதற்கு அடங்கிய பச்சை நிறம், கண்ணில் நேராக அடிக்காத விளக்கு, இரண்டு பேர் இருக்கும் அறையில் ஒருவர் கை கழுவினால் இன்னொருவர் விழிக்காமல் இருக்க, தண்ணீர் சத்தமில்லாமல் விழும் கோணத்தில் வாஷ்பேசின். ருவாண்டாவின் புடாரோ மருத்துவமனையில் வேலையைத் தொடங்கியபோது மாஸ் டிசைன் குரூப் என்ற ஆர்க்கிடெக்ட் குழுவின் ஆட்கள் இன்னும் மாணவர்கள். மூடிய வராண்டாக்களில் காத்திருப்பவர்களுக்கு இடையில் காசநோய் பரவுகிறது என்று தெரிந்துகொண்டு, 2011இல் திறந்த அந்தக் கட்டடத்தில் நடைபாதைகளையே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோனார்கள், படுக்கைகளைச் சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள். அனுபவம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று இளையவர்களிடம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, போய் என்ன பார்ப்பது? முதலில் ராத்திரி போங்கள். பகலில் எல்லா வார்டும் ஓரளவு ஓடிவிடும், ஆட்கள் இருப்பார்கள், கட்டடத்தின் குறையை அவர்கள் காலால் நடந்து ஈடுகட்டிவிடுவார்கள். முறையாக எழுதி அனுமதி வாங்கிப் போங்கள், போனை வெளியே எடுக்காதீர்கள், யாருடைய கட்டிலுக்கும் பக்கத்தில் போகாதீர்கள், நர்ஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தால் போதும். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் பெரிய ஸ்டோர் ரூம் வேண்டும் என்பார்கள், அது எல்லோரும் சொல்வது. "நேத்து நைட் என்ன ஆச்சு" என்று கேளுங்கள். தரை துடைப்பவரிடம் பேசுங்கள், எந்த மூலையில் மாப் போகாது என்று அவருக்குத்தான் தெரியும். டிசைன் மீட்டிங்குக்கு வரும் துறைத் தலைவர் நைட் டியூட்டி பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும், அவர் சொல்வதை மட்டும் பிரீஃப், அதாவது கட்டடத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற குறிப்பு, என்று எடுத்துக்கொண்டால் அது அவர் நினைவில் இருக்கும் மருத்துவமனை.

முடிந்தால் ஒரு காலி ஸ்ட்ரெச்சரில் படுத்து, யாரையாவது எமர்ஜென்சியிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளச் சொல்லுங்கள். நான் செய்திருக்கிறேன். விளக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் அடித்துக்கொண்டே வரும். ஏசி கிரில்லைச் சுற்றியிருக்கும் அழுக்கு தெரியும். பேசுபவர்களின் தாடை மட்டும் தெரியும், முகம் தெரியாது. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது கட்டடத்தின் இரண்டு பகுதிகளுக்கு நடுவில் விடும் இடைவெளி, அதன் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போது தட்டென்று ஒரு குலுக்கல், எனக்கே பல் கடித்துக்கொண்டது, இடுப்பு எலும்பு உடைந்தவருக்கு அது என்னவாக இருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். அதற்குமுன் அந்த ஜாயின்ட்டை எத்தனையோ பிளான்களில் இரண்டு கோடாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

சீக்கிரமே ஒரு துறைக்குள் போனால் மாட்டிக்கொள்வோமா என்றும் கேட்கிறார்கள். இல்லை என்பதுதான் என் எண்ணம். ஆனால் நான்கு வருடமாக ஒரே கழிவறை டீட்டெயிலை மட்டும் காப்பி செய்யச் சொல்கிற இடத்தில் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

ஆபீஸ் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடம் திறந்து ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போய்ப் பார்ப்பதை ஃபீஸுக்குள்ளேயே எழுதுங்கள், அந்த வேலைக்கு டைரக்டர் போக வேண்டாம், வரைந்த பிள்ளையை அனுப்புங்கள். அந்தப் பிள்ளை வேறு ஆபீஸுக்குப் போயிருந்தாலும் கூப்பிடுங்கள், ஒரு போன் காலில் முடிகிற விஷயம். குறையை நாமே எழுதி வைத்தால் நாளைக்குக் கோர்ட்டில் நம் மேலேயே திரும்பும் என்று பயப்படுகிறீர்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, நானும் இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். குறையை எழுத டாக்டர்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்தும் எழுதுகிறார்கள்.

அந்த வார்டுக்கு அப்புறம் நான் செய்த இன்னொரு மருத்துவமனையில், ஒரே டர்ட்டி யூட்டிலிட்டிக்குப் பதிலாக இரண்டு கோடியிலும் ஒவ்வொன்று, சின்னதாக, வைத்திருக்கிறேன். கூடுதல் ஷாஃப்ட்டுக்காக பிளம்பிங் கன்சல்டன்ட்டோடு மூன்று மீட்டிங் சண்டை. கதவை முழங்கையால் தள்ளினாலே திறக்கிற மாதிரி போட்டிருக்கிறோம். விளக்கு படுக்கைக்குப் படுக்கை தனி சுவிட்ச். திறந்து நான்கு மாதம் ஆகிறது, ராத்திரியில் நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், எனக்கும் போன் செய்த அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து, இரண்டு பேருக்கு.