‘மார்ச்=நேட்டிவ்’ எல்லாக் கணினிகளுக்கும் வேகம் தருமா?

“ஜிசிசி கட்டளையில் ‘மார்ச்=நேட்டிவ்’ சேர்த்துத் தொகுத்தால், அந்த நிரல் எந்தக் கணினியிலும் இரட்டிப்பு வேகத்தில் ஓடும்.” கிளிநொச்சி, வவுனியா மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. (ஜிசிசி என்பது நாம் எழுதும் நிரலைச் செயலி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் தொகுப்பி. மாதப் பெயருக்கும் ‘மார்ச்’ தெரிவுக்கும் தொடர்பில்லை; செயலியின் கட்டமைப்பைக் குறிக்கும் சுருக்கம் அது.)

‘நேட்டிவ்’ என்றால், தொகுக்கின்ற கணினியின் செயலி. அதற்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் தொகுப்பி தாராளமாகப் பயன்படுத்திவிடும். அறிவியல் நகரில் புதிய மடிக்கணினியில் தொகுத்ததை முல்லைத்தீவில் ஒரு பழைய மேசைக்கணினியில் ஓட்டிப் பாருங்கள். பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளை வந்த இடத்தில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ (செயலிக்குத் தெரியாத கட்டளை) என்று நின்றுவிடும். இன்டெல் செயலிகளில் ஏவிஎக்ஸ்2 வந்ததே 2013இல், ஹாஸ்வெல் தலைமுறையுடன்தான். நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் கலப்பையை இரண்டு சில்லு இயந்திரத்தில் பூட்டுகிற கதை இது.

பலர் இதனுடன் குழப்பிக்கொள்வது ‘எம்டியூன்’. அது புதிய கட்டளைகளைச் சேர்க்காது. இருப்பவற்றை எப்படித் தெரிந்து அடுக்கினால் குறித்த செயலிக்கு வசதி என்று மட்டும் பார்க்கும். ஆகவே பழைய கணினியிலும் ஓடும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் நிரலுக்கு ‘மார்ச்=எக்ஸ்86-64’, ‘எம்டியூன்=ஜெனரிக்’ போதும்; இன்டெல், ஏஎம்டி 64 பிட் கணினிகளுக்கெல்லாம் அது பொது. 2021இல் வந்த ஜிசிசி 11 முதல் ‘எக்ஸ்86-64’க்கு மேல் ‘வி2’, ‘வி3’ என்ற படிநிலைகளும் உண்டு. இவற்றில் வி3இல் தொகுத்த நிரல் ஓட, செயலியில் ஏவிஎக்ஸ்2 இருக்க வேண்டும்.

இரட்டிப்பு வேகமா? எண் வரிசைகளை மொத்தமாகக் கணக்கிடும் நிரல்களில் நல்ல பயன் கிடைக்கலாம். கோப்புக்காகக் காத்திருக்கும் நிரலில் ஒன்றும் தெரியாது. நிரலை வேகப்படுத்தும் வழக்கமான தெரிவான ‘ஓ2’வைக்கூடப் போடாமல் ‘நேட்டிவ்’ தேடி அலைபவர்களையும் கண்டிருக்கிறேன்.