அட்வான்ஸ் வாங்கியவர்கள்தானே?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வீடு கட்டத் தொடங்கியபோது, செங்கல் விலை பேசுவதற்காகத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளைக்குப் போயிருந்தேன். அங்கே அதைச் சேம்பர் என்பார்கள். உச்சி வெயிலில், களத்தில் வரிசையாகக் கிடந்த பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த சிறுமிக்கு எட்டு வயதுகூட இருக்காது. பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்டேன். "அவங்க அப்பா அட்வான்ஸ் வாங்கியிருக்காரு சார்" என்றார் மேஸ்திரி. கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஆயிரம் கல்லுக்கு 200 ரூபாய் குறைத்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்பினேன். அந்தக் கற்கள்தாம் இன்று என் வீட்டுச் சுவர்.

பிறகு இதைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும், படித்தவர்கள் உட்பட, ஏறக்குறைய எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அட்வான்ஸ் வாங்கியவர்கள்தானே, வேலை செய்யத்தானே வேண்டும்?" மனிதக் கடத்தலுக்கு எதிராகச் சாதாரணக் குடிமகன் செய்யக்கூடிய முதல் வேலை, இந்தக் கேள்வி எழும் ஒவ்வோர் இடத்திலும் நின்று பதில் சொல்வது என்றே நான் நினைக்கிறேன். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவர் விரும்பிய இடத்துக்குப் போகவோ வேறு வேலை தேடவோ முடியாமல் தடுத்து வைத்தால் அது கொத்தடிமை முறை என்கிறது. அந்தக் கடனையே ரத்து செய்கிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. அடிமைப்படுத்துவதற்காக ஒருவரை ஏமாற்றி அழைத்துச் செல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவின்படி மனிதக் கடத்தல். அவர் சம்மதித்துத்தான் வந்தார் என்ற வாதம் அங்கே எடுபடாது.

இதில் யாரும் யாரையும் வாயைக் கட்டி வேனில் தூக்கிப் போடுவதில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாமல் அடுப்பு எரியாத வீடுகளைத் தேடி மேஸ்திரி வருகிறார். ஒடிசாவின் பலாங்கீரிலிருந்தும் நம் ஊர் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் சூளைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தே பேசப்படுகிறது, பிள்ளைகளின் உழைப்பு கணக்கிலேயே வராது. பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது கடன் மிச்சமிருக்கும். வாரச் சந்தைக்குப் போகும் நாளில் வீட்டில் ஒருவரை சூளையிலேயே விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் போகவேண்டும் என்ற ஏற்பாடு சில இடங்களில் உண்டு. பூட்டும் சங்கிலியும் தேவையில்லை, அந்த ஒருவர் போதும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டபோது, ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் நாடெங்கும் பரவியது. அவர் வாங்கியிருந்த கடன் 1,000 ரூபாய் என்று செய்திகள் கூறின. நாம் படத்தைப் பகிர்ந்தோம். நானும் பகிர்ந்தேன்.

வழக்கறிஞரான நண்பர் ஒருவரோடு சேர்ந்து சூளைத் தொழிலாளர்கள் பற்றி மனு எழுதப் போனபோதுதான், இரக்கம் ஒரு வேலைக்கும் உதவாது, விவரம்தான் உதவும் என்று தெரிந்துகொண்டேன். "கொடுமை நடக்கிறது" என்று எழுதினால் அது கோப்பில் உறங்கும். எந்தச் சூளை, எத்தனை குடும்பங்கள், எந்த ஊர்க்காரர்கள், முன்பணம் எவ்வளவு, வெளியே போக விடுகிறார்களா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதி, மாவட்ட ஆட்சியருக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். விசாரிப்பது அவர்களுடைய சட்டக் கடமை. குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் சொல்லலாம். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நாமே உள்ளே நுழைவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. மறுநாள் அதிகாரிகள் போய்ப் பார்க்கும்போது அந்தக் குடும்பங்கள் அங்கே இருக்கமாட்டா.

எங்கள் மனுவுக்கு முதலில் கிடைத்த பதில், "இது சம்பளப் பிரச்சினை, தொழிலாளர் துறைக்குப் போங்கள்" என்பது. அப்படி முடித்துவிட்டால், கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்ற விடுதலைச் சான்று கிடைக்காது. அந்த ஒற்றைத் தாள் இல்லாவிட்டால் உடனடி உதவியான 30,000 ரூபாயும் இல்லை, மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் என்று எழுதப்பட்டிருப்பதும் இல்லை. (முழுத் தொகையை வழக்கின் தண்டனையோடு முடிச்சுப் போட்டிருப்பது எனக்கு இன்றுவரை விளங்காத நியாயம்.) வெறுங்கையோடு ஊர் திரும்பிய குடும்பம் அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு மேஸ்திரியிடம்தான் கைநீட்டும். எனவே மீட்பு நடந்த மறுநாளும், அடுத்த மாதமும், சான்று வந்ததா, வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். செய்தியாளர்கள் அதற்குள் போய்விடுவார்கள்.

ஒரு கடிதத்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: பரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்கள் பற்றி ஓர் அமைப்பு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாக ஏற்றது. 1983 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பைத்தான் வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சட்டப்படி மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். எங்கள் கோட்டத்தில் அக்குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது என்று 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். வரும் கிராம சபையில், ஊராட்சி எல்லையிலுள்ள சூளைகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கணக்கெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொடுக்கப்போகிறேன். உங்கள் ஊராட்சியிலும் சூளை இருந்தால் சொல்லுங்கள், இந்த மனுக்களின் நகலை உள்பெட்டியில் அனுப்புகிறேன்.