நாலாயிரம் டாலர் கட்டாத அம்மா பேசுகிறேன்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அணிகளில் பிள்ளைகள் இடம் பிடிக்க உதவுகிறோம் என்று காசு கேட்கும் ஒரு கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை நம் பெற்றோருக்கு நடத்திய ஜூம் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்தப் பணத்துக்கு நீங்கள் செய்யப்போவதில், என் பெண் தானாகச் செய்ய முடியாதது எது?" அந்த விற்பனையாளர் பதில் சொல்லாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். பரவாயில்லை, அவர் பிழைப்பு அது. ஆனால் கூட்டம் முடிந்து பத்து நிமிஷத்தில் வாட்ஸாப் குழுவில் நம்ம ஆள் ஒருவர், "சிலருக்குப் பொண்ணுதானே என்ற நினைப்பு, பையனாக இருந்தால் கட்டியிருப்பார்கள்" என்று எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல். அதில் சில விரல்கள் என் வீட்டு இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டவை.

சரி, பேசிவிடுவோம்.

என் பெண் நீச்சல்காரி, பதினோராம் வகுப்பு. நூறு யார்டு பட்டர்ஃப்ளை 57 விநாடி சொச்சம். காலேஜ் கோச்சுக்கு அவளைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் விஷயம் அந்த நம்பர்தான், அது ஸ்விம்கிளவுட் தளத்தில் ஊருக்கே தெரியும்படி இலவசமாகக் கிடக்கிறது. எந்தக் கல்லூரி அணியில் யார் எத்தனை விநாடியில் நீந்துகிறார்கள், எந்த வருஷம் யார் படிப்பை முடித்து வெளியே போகிறார்கள், எல்லாம் அங்கேயே இருக்கிறது. கோச்சின் மெயில் முகவரி கல்லூரி இணையதளத்தில். அணியில் சேர விருப்பம் என்று நிரப்பும் படிவம் அணியின் பக்கத்தில், அதுவும் இலவசம். இதையெல்லாம் ஒரு அழகான திரையில் அடுக்கி, மேலே என் பெண்ணின் போட்டோவை ஒட்டி, நாலாயிரத்துச் சொச்சம் டாலர் என்கிறார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் எனக்குத் தனியாகவும் ஒரு 'இலவச மதிப்பீடு' நடந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் கண்டிப்பாக லைனில் இருக்க வேண்டுமாம். எதற்கு என்று அப்போது புரியவில்லை. ஒருத்தர் மட்டும் இருந்தால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று தப்பித்துவிடுவோம் இல்லையா? அப்புறம் கேட்டார், "உங்கள் மகளின் கனவில் உங்களுக்கு எவ்வளவு உறுதி, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்." பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாய் ஆறு என்று சொல்வாள்? பத்து என்றேன். உடனே இன்றைக்கு மட்டும் தள்ளுபடி என்று விலைப்பட்டியல் வந்தது.

"காலேஜுக்கு வருஷம் தொண்ணூறாயிரம் டாலர் கட்டப்போகிறாய், இதில் போய் நாலாயிரத்துக்குக் கணக்குப் பார்க்கிறாயே" என்கிறார்கள். தொண்ணூறாயிரம் கட்டினால் நாலு வருஷம் கழித்து ஒரு பட்டம் கிடைக்கும். இந்த நாலாயிரத்துக்கு? பள்ளியில் விளையாடும் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் ஏதோ ஒரு அளவில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. ஏதோ ஒரு அளவில் என்பதைக் கவனியுங்கள், முழுச் செலவும் இல்லை. அந்த அமைப்பு பிரித்து வைத்திருக்கும் மூன்று தட்டில் கடைசியான டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர் கிடையாது. படிப்புக்கோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ தருவதுதான். நம் ஆட்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஜூமில் இதை யாராவது சொன்னார்களா? 2025 ஜூனில், கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1, அதாவது மேல்தட்டுக் கல்லூரிகளில் ஒரு அணியில் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பே வந்துவிட்டது. ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நீந்தலாம் என்றிருந்த பிள்ளைகளுக்கு அங்கே இடம் இன்னும் குறைந்துவிட்டது. அதைப் பற்றியும் மூச்சு இல்லை.

இன்னொன்று. ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொடுத்தால் இவ்வளவு என்று கமிஷன் பேச என்.சி.ஏ.ஏ. விதி இடம் கொடுக்காது. நல்ல விதிதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்திலிருந்து பாருங்கள். பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் காசு அவர்கள் கையில். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். என் பெண்ணால் முடியாதது எதைச் செய்வீர்கள்?

"எங்கள் பையன் அப்படித்தான் சேர்ந்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் பையன் நூறு யார்டு ஃப்ரீஸ்டைலை 45 விநாடிக்குள் முடிக்கிறவன். அவன் பெயரைக் கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்திருந்தாலும் கோச் தேடி வந்திருப்பார்.

"வேலைக்குப் போகிற பெற்றோருக்கு நேரம் ஏது" என்பது அடுத்தது. நானும் வேலைக்குத்தான் போகிறேன். தவிர, காசு கட்டினாலும் மெயிலைப் பிள்ளைதான் எழுத வேண்டும், கோச்சிடம் பிள்ளைதான் பேச வேண்டும். அதை அந்த விற்பனையாளரே ஒப்புக்கொண்டார், குரலைத் தாழ்த்தி. கால்பந்து மாதிரி வீடியோ பார்த்து ஆளெடுக்கும் விளையாட்டில் ஏதாவது பிரயோஜனம் இருக்கலாம். எனக்கு அது தெரியாது, நான் நீச்சலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார், மகன் டென்னிஸ் ஆடுகிறானாம். அவர் நிலைமை வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன். இந்த ஊர்க் கல்லூரி முறை, டிரான்ஸ்கிரிப்ட், விசா எல்லாம் அங்கிருந்து பார்த்தால் காடு மாதிரி இருக்கும், வழி தெரிந்த ஒரு ஆள் வேண்டும்தான். ஆனால் பெரிய பெயர்க் கல்லூரி என்று ஆசை காட்டுகிறவனிடம் ஜாக்கிரதை தம்பி. மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதலில் ஆடியது ஜார்ஜியா க்வின்னெட் கல்லூரியில், நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அங்கிருந்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் போனார், 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தில் டேவிஸ் கோப்பை அறிமுக ஆட்டத்திலேயே ஸ்விஸ் வீரர் ஜெரோம் கிம்மைத் தோற்கடித்தார். (கிரிக்கெட்டுக்கு ஸ்காலர்ஷிப் உண்டா என்று கேட்டவர்களுக்கு: கிரிக்கெட் என்.சி.ஏ.ஏ. விளையாட்டே கிடையாது. தயவுசெய்து திரும்பக் கேட்காதீர்கள்.)

இப்போது அந்தப் "பொண்ணுதானே"வுக்கு வருகிறேன்.

நான் கரூரில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டர். பிளஸ் டூ முடித்தபோது ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்தார், மாநில அளவுச் சான்றிதழ் 'ஏற்பாடு' பண்ணுகிறேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இன்ஜினியரிங் நிச்சயம் என்றார். அப்பா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "ஓடுறது யாரு, நீங்களா எம் பொண்ணா?" என்று கேட்டார். அந்த ஆள் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கவில்லை, மார்க்குக்குக் கிடைத்த காலேஜில் படித்தேன். அன்றைக்கும் தெருவில் "பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் செலவுன்னு விட்டுட்டான்" என்றார்கள். அந்த மனுஷன் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து எனக்கு ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுத்தது தெருவுக்குத் தெரியாது.

என் பெண்ணுக்கு நாங்கள் செய்யும் செலவும் உங்களுக்குத் தெரியாது. மாதாமாதம் கிளப் ஃபீஸ். காலை நாலரைக்கு எங்கள் ஊர் ஃபிரிஸ்கோவின் இருட்டில் கார் ஓட்டுவது. போட்டிக்குப் போடும் டெக் சூட் என்று ஒன்று இருக்கிறது, ஐந்நூறு டாலர் பக்கம், கொஞ்ச நாளில் தொய்ந்துவிடும். நீச்சல்குளக் கழிப்பறையில் நின்று அதை அவள் இடுப்புக்கு மேலே இழுத்துவிடவே இருபது நிமிஷம் ஆகும், என் நகம் பிய்ந்து ரத்தம் வந்திருக்கிறது. இதற்கெல்லாம் யாரும் கட்டைவிரல் போடவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கம்பெனிக்கு செக் எழுதாததால் நான் பெண்ணை மட்டம் தட்டுகிறவளாகிவிட்டேன்!

பயம்தான் இங்கே வியாபாரம். 2019-இல் ரிக் சிங்கர் என்பவர் பணக்காரப் பிள்ளைகளைப் பொய்யாக விளையாட்டு வீரர்களாகக் காட்டிக் கல்லூரிகளில் நுழைத்தது வெளியே வந்ததே, மூன்றரை வருஷம் சிறைத் தண்டனை. இந்தக் கம்பெனிகளும் அவரும் ஒன்று என்று சொல்லவில்லை, இது சட்டப்படி நடக்கும் தொழில், உடனே அதற்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அங்கே விலைபோனதும் பெற்றோரின் பயம்தான் என்கிறேன். "கோச் ஏன் பதில் போடவில்லை தெரியுமா, உங்களுக்குப் புரொஃபைல் இல்லை" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும் வரை டிவிஷன் 1 நீச்சல் கோச் பிள்ளைக்கு நேராக எழுதவே கூடாது என்பது விதி. அந்த அம்மாவுக்கு இதை யார் சொல்வது? சொன்னால் கஞ்சப்பிசினாரி.

என் பெண் அவளாகவே எழுதுகிறாள். அவள் டைம், மார்க், எந்தப் படிப்பு வேண்டும், அடுத்த மீட் எங்கே, அவ்வளவுதான் மெயில். முதல் மெயிலில் கோச்சின் பெயரையே தப்பாக எழுதி, அனுப்பிய பிறகு பார்த்து, ராத்திரி முழுக்க அழுதாள். அந்த டிவிஷன் 3 கோச் மறுநாள் ஒரே வரியில் பதில் போட்டார், "உன் இருநூறு ஐ.எம். டைம் என்ன?" (நாலு ஸ்டைலும் கலந்து நீந்துவதுதான் ஐ.எம்.) வேறு பலர் பதிலே போடவில்லை. போடட்டும், போடாமல் போகட்டும், அது அவளுக்கும் அவர்களுக்கும்.

அவள் கல்லூரிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் ஷீட் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், காசு கிடையாது, உங்கள் பிள்ளையின் விளையாட்டுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம். கமென்டில் யாராவது அந்தக் கம்பெனியின் ரெஃபரல் லிங்கைப் போட்டால் அழித்துவிடுவேன். ஆளுக்கு எவ்வளவு கமிஷன் என்று எனக்கும் தெரியும்.