கழுத்தை மட்டும் ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க?

"மிச்சத் துணியில் பத்தே நிமிஷத்தில் குழந்தை கவுன்." மறுபடியும் ஒரு வீடியோ, மறுபடியும் அதே பித்தலாட்டம். துணியை நாலாக மடிக்கிறார்கள், சாக்பீஸால் கழுத்து வரைகிறார்கள், கத்தரிக்கிறார்கள், உடனே பாட்டு. பாட்டு முடிந்தால் குழந்தை கவுனைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. அந்தக் கவுன் தலை வழியாக எப்படி இறங்கியது? அதை மட்டும் ஒருத்தரும் காட்டுவதில்லை.

இறங்காது. அதனால்தான் காட்டுவதில்லை.

அந்தக் கழுத்தை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு மடிப்பிலிருந்து அகலம் 2 இன்ச், முன்கழுத்து இறக்கம் 3, பின்கழுத்து 1. டேப்பை வளைவு மேலேயே பிடித்து அளந்தால் முழுச் சுற்று 13 இன்ச் தேறாது. அந்த வயசில் தலைச்சுற்று 19 இன்ச் பக்கம் இருக்கும். 13-க்குள் 19 எப்படி நுழையும்? இது பனியன் துணி இல்லை, இழுத்தால் கொடுப்பதற்கு. காட்டன். மார்பு அளவு எடுங்க, உயரம் எடுங்க, தோள் எடுங்க என்று வாய் ஓயாமல் சொல்கிறார்களே, தலையை ஒரு சுற்று அளந்துகொள்ளுங்கள் என்று சொல்ல என்ன கேடு?

தலை போகவில்லையா, கொஞ்சம் அகலமா வெட்டிக்கோங்க என்று கீழே ஒரு பதில் வேறு. அகலமாக்கினால் தோள் சரிந்து கையில் தொங்கும். இறக்கினால் பிள்ளை குனியும்போதெல்லாம் முன்பக்கம் வாயைப் பிளக்கும். செய்ய வேண்டியது பின்பக்க நடுவில், கழுத்திலிருந்து கீழே 4 இன்ச் ஓப்பன். இரண்டு ஓரமும் சேர்த்து 8 இன்ச் கூடும், 19 தாராளமாக நுழையும், மேலே ஒரு பட்டன் போதும்.

அந்த ஓப்பனையும் முதலிலேயே கீறிவிடக் கூடாது. 3-க்கு 6 இன்ச்சில் ஒரு துண்டைப் பின்பக்கத் துணி மேல் நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு ஒட்டுகிற மாதிரி வைத்து, நடுக்கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச்சுக்குள் தையல் ஓட்டி, கீழே வர வர ஒடுக்கி, முனையில் குறுக்காக ஒரே ஒரு தையல். அதற்கப்புறம்தான் நடுவில் கத்தரி, பிறகு துண்டை உள்பக்கம் திருப்புவது. முனைத் தையலுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும். முன்னமே நிறுத்தினால் திருப்பும்போது சுருக்கம் விழும், தையலைத் தொட்டுவிட்டால் முதல் அலசலிலேயே கிழியும். இதெல்லாம் தோளும் பக்கமும் மூட்டுவதற்கு முன்னால், துணி மேஜையில் தட்டையாகக் கிடக்கும்போது செய்கிற வேலை. எல்லாம் மூட்டி முடித்த பிறகு "தலை போகவில்லை" என்று தெரிந்தால் சின்னக் கவுனுக்குள் கையை விட்டு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அடுத்து கழுத்துக்குப் பட்டி. "மிச்சத்தில் ஒரு நீளத் துண்டு எடுத்து மடக்கித் தைங்க." நீளத் துண்டாம்! நூல் நேரில் வெட்டிய பட்டி வளைவில் படியாது. ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் மடியும். கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக மூலைவாக்கில்தான் வெட்ட வேண்டும், 1¼ இன்ச் அகலத்தில். ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வேண்டுமென்றால் 11 இன்ச் சதுரம் வேண்டும். மூலைக்கு மூலை 15½ வரும், இரண்டு முனையின் கூர் நுனியைக் கழித்தால் 14 தேறும். ஜாக்கெட் வெட்டிய மிச்சத்தில் 11 இன்ச் சதுரம் எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் கைக்குழி வெட்டிய பிறைத் துண்டுகளும் ஓரத்து வால்களும். ஆகவே இரண்டு மூன்று கிராஸ் துண்டை ஒட்ட வேண்டும், அந்த ஒட்டும் சாய்வாக வர வேண்டும். நேராக ஒட்டினால் அந்த இடம் மட்டும் கட்டியாகி பிள்ளையின் பிடரியை அறுக்கும்.

எரிச்சலே இதில்தான். கடையில் எடுத்த துணியென்றால் வெட்டுத் தப்பினாலும் இன்னொரு அரை மீட்டர் வாங்கிவிடலாம். மிச்சத் துணிக்கு மறு துண்டு கிடையாது. புடவையோடு வந்த ஜாக்கெட் துணி, அந்த ஒரு பிட்டுதான். அதில் பிள்ளைக்கு ஒரு கவுன் என்று ஆசையாக உட்காருகிறவர்களிடம் பாதி அளவைச் சொல்லிப் பாழாக்கச் சொல்வது அநியாயம், வேறு வார்த்தை இல்லை.

வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைக்கவும் ஒருத்தரும் சொல்வதில்லை. மேல் பாகத்துக்குப் பலமுறை துவைத்த துண்டு, கீழ்ப்பாவாடைக்குப் புதுத் துண்டு என்று சேர்த்தால் முதல் துவையலில் புதுசு மட்டும் சுருங்கி, கவுன் குட்டையாகி, மூட்டிய இடம் நெளிந்து நிற்கும். சிவப்பு, மெரூன் என்றால் ஈரமாக வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கணும். சாயம் ஒட்டினால் அதை வெள்ளையோடு சேர்க்கவே கூடாது. பழசு, புதுசு இரண்டையும் ராத்திரி ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு எடுக்கவே ஒரு நாள். அப்புறம் என்ன பத்து நிமிஷம்?

இவ்வளவும் கணக்குப் போட்டு, சாக்பீஸ் கோடு போட்டு, கத்தரியை எடுத்தால் அது துணியை மெல்லுகிறது, வெட்டவில்லை. துணிக் கத்தரியில் பால் பாக்கெட் வெட்டினது யாரு?