‘பைஹார்ட் பண்ணிட்டேன்’ என்பதில் இருக்கிற சிக்கல்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் பாடம் என்னாச்சு என்று கேட்டால் ‘பைஹார்ட் பண்ணிட்டேன்’ என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலில் ரெண்டு கோளாறு. ஒன்று இலக்கணம். ‘பை ஹார்ட்’ வினைச்சொல் இல்லை. ‘லேர்ன் இட் பை ஹார்ட்’ என்று எழுத வேண்டும், ஒரே வினையில் சொல்ல ‘மெமரைஸ்’ இருக்கிறது. ‘பைஹார்ட்டட்’ என்று தேர்வுத்தாளில் எழுதினால் சிவப்பு மை விழும். இன்னொன்றுதான் பெரிய கோளாறு. உருப்போட்டதோடு வேலை முடிந்தது என்று பிள்ளையை நம்ப வைத்துவிடுகிறது.

நமக்கு ‘ஞாபகம்’ ஒன்றே போதும். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளிலும் இதே சொல்தான். ஞாபகம் இருக்கு, ஞாபகம் வருது, ஞாபகப்படுத்து என்று வாலை மாற்றிக்கொண்டு ஓட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் வால் மாறாது, ஆளே மாறும். தானாக நினைவில் வைத்திருப்பது ‘ரிமெம்பர்’, அடுத்தவருக்கு நினைவூட்டுவது ‘ரிமைண்ட்’. ஃபீஸ் கட்ட ஞாபகப்படுத்து என்பதற்கு ‘ரிமெம்பர் மீ டு பே த ஃபீஸ்’ என்று எழுதுவது இந்த ஒற்றைச் சொல் பழக்கத்தால்தான். ‘ரிமைண்ட் மீ’ என்று வர வேண்டும். ‘ஞாபகம் இருக்கிறது’ என்பதில் ‘இருக்கிறது’ வருவதால் ‘ஐ யாம் ரிமெம்பரிங்’ என்று கை போய்விடும்; ‘ஐ ரிமெம்பர்’ என்றாலே போதும்.

அதைவிட நுணுக்கமான இடம் ஒன்று. ‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்’ என்றால் மறக்காமல் பூட்டினேன். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’ என்றால் பூட்டியது நினைவில் இருக்கிறது. ‘டு’ வந்தால் செய்ய வேண்டியதை மறக்கவில்லை, ‘இங்’ வந்தால் செய்து முடித்ததன் நினைவு. பெயர்ச்சொல்லின் எழுத்திலும் சறுக்கும்: ‘ரிமெம்பரன்ஸ்’ எழுதும்போது பி-க்கு அப்புறம் நேரே ஆர், நடுவில் ஈ கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். மூளைக்குள் ஏற்றுவது ‘மெமரைஸ்’, தங்க வைப்பது ‘ரீடெயின்’, தேடி வெளியே எடுப்பது ‘ரீகால்’, எதிரே பார்த்ததும் அடையாளம் தெரிவது ‘ரெகக்னைஸ்’. நம் பிள்ளைகள் ஏமாறுவது கடைசி இரண்டுக்கும் நடுவில். நோட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அது ரெகக்னைஸ். பெரும்பாலும் தேர்வு கேட்பது ரீகால். நாக்கு நுனியில் நிற்கிறது, வர மாட்டேங்குது என்கிறோமே, அதை ஆங்கிலக்காரர்களும் கிட்டத்தட்ட அப்படியே சொல்கிறார்கள்: ‘ஆன் த டிப் ஆஃப் மை டங்’.

2006-ல் ரோடிகர், கார்பிகி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: ஒருமுறை படித்து ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நின்றது, மறுபடியும் படித்தவர்களுக்கு 42. காலையில் உருப்போட்டு மத்தியானம் ஒப்பிக்கச் சொல்லும் வகுப்பில் மனப்பாடம் ஜெயிப்பது போலத் தெரிவது இதனால்தான்.

செலவில்லாத வழி அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் ஆங்கில வாக்கியம். தனிச்சொல்லும் அர்த்தமும் மட்டும் எழுதினால் வீண். ரிமைண்டும் ரிமெம்பரும் ரெண்டுமே ‘ஞாபகம்’ என்று போய் உட்கார்ந்துகொள்ளும். செருப்புப் பெட்டிக்குள் மூன்று தடுப்பு. முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறியது எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறையின் சுருக்கம் இது. ஒரு நாளைக்குப் புதிதாக எட்டு அட்டை போதும். முதல் நாள் உற்சாகத்தில் முப்பது போட்டால் அடுத்த வாரம் முதல் தடுப்பு பிதுங்கும், பெட்டி பரணுக்குப் போகும். இன்னொரு திருட்டு, சொல்வதற்கு முன்னாலேயே திருப்பிப் பார்த்துவிட்டு ‘தெரியும் தெரியும்’ என்பது. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டை திரும்ப வேண்டும்.

அப்படியும் நிற்காத சொற்களைத் தெரிந்த பாதையில் இறக்கிவிடலாம். மனசுக்குள் சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறி, வழியில் வரும் ஒவ்வொரு இடத்தோடும் ஒரு சொல்லை முடிச்சுப் போடுங்கள். தொப்பூர் கணவாயின் எச்சரிக்கைப் பலகைகள்: ரிமைண்ட். அதியமான்கோட்டையில் அதியமானுக்கும் ஔவைக்கும் எழுப்பிய கோட்டம்: ‘கம்மெமரேட்’, நினைவைப் போற்றுதல். கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை தேக்கி வைத்திருக்கும் நீர்: ரீடெயின். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டியை அடையாளம் கண்டுகொள்ளும் கருவி: ரெகக்னைஸ். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு சொல்தான், காட்சி கண்ணில் தெரிய வேண்டும். அதே வாரம் அதே நிறுத்தங்களில் புதுச் சொற்களை ஏற்றினால் பழசும் புதுசும் கலந்து தொப்பூரிலேயே ரெண்டு பேரும் இறங்கிவிடுவார்கள். அடுத்த பட்டியலுக்கு அரூர் ரோட்டைப் பிடியுங்கள்.