சாகவில்லை, இறக்கப்பட்டது

"ரேமைக் கூட்டுங்கள்." இந்த ஒரு வரியோடு என் புகாரை மூடிவிட்டார் ஒரு மைன்கிராஃப்ட் மோட்டின், அதாவது ஆட்டத்தோடு சேர்க்கும் துணை நிரலின், ஆசிரியர். அந்த மோட் நினைவகத்தை விடாமல் நிரப்பி ஆட்டத்தைத் திணறவைக்கிறது என்பதுதான் புகார். ஆனால் ஹீப் டம்ப் (நினைவகத்தில் கிடப்பவற்றின் பதிவு) எடுத்து, எந்த மேப் (நிரல் விவரங்களைக் குறித்துவைக்கும் பட்டியல்), நிரலின் எந்த வரி என்று காட்டி எழுதியவனுக்கு இதுதான் பதிலா?

திரும்பவும் சொல்கிறேன். மைன்கிராஃப்டில் ஓர் என்டிட்டி, அதாவது ஆட்டத்தில் உலவும் விலங்கு போன்ற ஒன்று, சாவது வேறு, நினைவகத்திலிருந்து இறக்கப்படுவது (அன்லோட்) வேறு. ஆடுபவர் தள்ளிப் போனதும், 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட சங்க் என்னும் அந்த உலகத் துண்டு இறக்கப்படுகிறது. அதிலிருந்த ஆடு, மாடு, ஓநாய் எல்லாம் வட்டில் எழுதப்பட்டு உலகத்திலிருந்து நீங்குகின்றன. எதுவும் சாகவில்லை. அதனால் மரண நிகழ்வும் வராது. அது வந்தால்தான் மேப்பைத் துடைப்பேன் என்று காத்திருக்கும் மோட், இறக்கப்பட்ட ஒவ்வொன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் முதல் மோட், வளர்ப்பு ஓநாய்களின் பசியைக் கணக்கு வைப்பது. எல்லாம் ஒரு ஸ்டேட்டிக் ஹாஷ்மேப்பில், அதாவது ஆட்டத்தை மூடும்வரை தானாக அழியாத ஒரு மேப்பில். இரண்டு மணி நேரம் போனால் ஆட்டம் திணறும். டம்ப்பைத் திறந்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. கருப்பன் என்று நான் பெயர் வைத்திருந்த ஒரே ஓநாய் 37 முறை வந்திருந்தது. யுயுஐடி (ஓநாயின் நிரந்தர அடையாள எண்) ஒன்றுதான், நினைவகத்தில் பிரதிகள் 37. நான் அங்கிருந்து போய்த் திரும்பும்போதெல்லாம் வட்டிலிருந்து புதிய கருப்பன் உருவாகியிருக்கிறான். பழையவனை என் மேப் விடவில்லை. ஒவ்வோர் என்டிட்டியும் தன் உலகத்தைச் சுட்டிக்கொண்டிருக்கும். ஆகவே வேறு உலகத்தைத் திறந்த பிறகும் பழைய உலகம் முழுசாக நினைவகத்தில் கிடந்தது.

வேண்டாததை நினைவகத்திலிருந்து துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கொள்ளாதா என்கிறார்கள். யாரும் பிடித்திராததை மட்டுமே அது அள்ளும். வீக்ஹாஷ்மேப் போதுமே என்பவர்களுக்கும் பொறுமையாகவே சொல்கிறேன்: அது சாவியைத்தான் (எதை வைத்துத் தேடுகிறோமோ அதை) தளர்வாகப் பிடிக்கும், மதிப்பை (சாவியோடு சேர்த்து வைத்த தகவலை) இறுக்கமாகவே பிடிக்கும். மதிப்புக்குள் அதே ஓநாய் இருந்தால் ஒன்றும் விடுபடாது. தவிர, இரண்டு என்டிட்டிகள் ஒன்றா என்பதை ஆட்டம் யுயுஐடியை வைத்து அல்ல, அவற்றின் தற்காலிக எண்ணை வைத்தே பார்க்கிறது. தனியாள் ஆட்டத்தில் சர்வர் பக்க (கணக்கு நடக்கும்) ஓநாய்க்கும் திரைப் பக்க (கண்ணுக்குக் காட்டப்படும்) ஓநாய்க்கும் அந்த எண் ஒன்றே. ஒரே மேப்பில் இரண்டும் மோதும். சின்ன மோட்தானே என்பவர்களிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

இறங்கும்போதே அழித்தால் பசிக் கணக்கு போய்விடாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கணக்கை ஓநாயின் சேமிப்புத் தரவிலேயே எழுதிவிட்டு, மேப்பில் இருப்பதை நீக்குங்கள். மோட்களை ஏற்றும் கருவிகளில், ஃபேப்ரிக்கில் என்டிட்டி அன்லோட் நிகழ்வு இருக்கிறது, ஃபோர்ஜில் என்டிட்டி லீவ் லெவல் நிகழ்வு இருக்கிறது. கொல்லப்பட்டதா, சங்க்கோடு இறங்கியதா, வேறு பரிமாணத்துக்குப் போனதா என்ற காரணம்கூட மைன்கிராஃப்ட் 1.17 பதிப்பு முதல் கிடைக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் மரணத்தை மட்டும் எதற்குப் பார்க்க வேண்டும்?

4 ஜிபியை 8 ஆக்கினால் திணறல் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பழைய கணினியில் ஆடும் பிள்ளை அதையும் கூட்ட முடியாமல், தன் கணினிதான் மட்டம் என்று நம்பிக்கொண்டு ஆட்டத்தையே விட்டுவிடுவான். அவனிடம் யார் போய்ச் சொல்வது, தவறு உன்னுடையது இல்லை என்று?

மூன்று இரவுகள் உட்கார்ந்து எழுதிய புகார் அது. திருத்தமும் அதிலேயே இருக்கிறது, நான்கு வரி. அதுவரைகூட அவர் படிக்கவில்லை.